மேட்பிளாட்லிப் வரைபடங்களில் எழுத்தைத் தடிப்பாக்குதல்: தலைப்பு முதல் அளவுக்குறி வரை

பைத்தானில் மேட்பிளாட்லிப்பைக் கொண்டு ஒரு பட்டை வரைபடத்தையாவது வரைந்து பார்த்தவர்களுக்கான விளக்கம் இது. ஆகவே, நிறுவுவதையும் தரவை ஏற்றுவதையும் விட்டுவிடுகிறேன். இங்கே தமிழில் தந்துள்ள கட்டளைப் பெயர்களை நிரலில் ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் எழுத வேண்டும்.

முதற்படி எளியது. செட்_டைட்டில், செட்_எக்ஸ்லேபிள், டெக்ஸ்ட், அனோடேட் ஆகியவற்றுள் எதை அழைத்தாலும், ஃபான்ட்வெயிட் என்ற அளவுருவுக்குப் போல்ட் என்ற சொல்லை மேற்கோள்குறிக்குள் கொடுத்தால் போதும். அதற்கு ஈடாக 700 என்ற எண்ணையும் தரலாம். 600 என்று கொடுத்துச் சற்றே மெலிந்த தடிப்பை எதிர்பார்ப்பது வீண். ஏனெனில், உடன் வரும் டெஜாவு சான்ஸ் எழுத்துருவில் சாதாரணம், தடிப்பு என்ற இரண்டு கனங்களே உள்ளன.

அடுத்து, பட்டைகளின் மேல் வரும் எண்கள். 3.4 பதிப்பில் வந்த பார்_லேபிள் இதே அளவுருவை ஏற்கும். அது எழுத்துப் பொருள்களின் பட்டியலைத் திருப்பித் தருவதால், மிக உயர்ந்த பட்டைக்குரிய எண்ணை மட்டும் எடுத்து, செட்_ஃபான்ட்வெயிட் மூலம் தடிப்பாக்கலாம். எல்லா எண்களையும் தடிப்பாக்குவதைவிட இதையே நான் விரும்புகிறேன்.

மூன்றாம் படியான அச்சின் அளவுக்குறிகளில்தான் (அச்சையொட்டி வரும் எண்கள் அல்லது பெயர்கள்) பலரும் தடுமாறுகிறார்கள். டிக்_பேரம்ஸ் எழுத்தின் அளவையும் நிறத்தையும் திருப்புகோணத்தையும் ஏற்கும். கனத்தை ஏற்காமல் பிழை காட்டும். எனவே கெட்_எக்ஸ்டிக்லேபிள்ஸ் தரும் ஒவ்வொரு எழுத்துப் பொருளின்மீதும் ஒரு ஃபார் சுழற்சியில் செட்_ஃபான்ட்வெயிட்டை அழைக்க வேண்டும். இதைத் தரவு முழுவதையும் வரைந்து, அச்சின் எல்லைகளையும் முடிவு செய்த பிறகே செய்ய வேண்டும். முன்னதாகவே செய்தால், பின்னர் அளவுக்குறிகள் மாறும்போது இந்தத் தடிப்பு நிலைக்காமல் போகலாம்; பிழைச்செய்தி எதுவும் வராது என்பதால் காரணத்தைக் கண்டுபிடிப்பதும் கடினம்.

இத்தனை சுற்றுக்குப் பதிலாக, ஆர்சி அமைப்புகளில் (எல்லா வரைபடங்களுக்கும் பொதுவான இயல்புநிலை அமைப்புகள்) ஃபான்ட்.வெயிட்டை ஒரே வரியில் மாற்றலாமே என்று தோன்றும். அளவுக்குறிகளும் லெஜண்டும் (நிறங்களின் பொருளைச் சொல்லும் குறிவிளக்கப் பெட்டி) அதற்குப் பணியும். தலைப்பும் அச்சுப் பெயர்களும் பணியா, அவற்றுக்கு ஆக்ஸஸ்.டைட்டில்வெயிட், ஆக்ஸஸ்.லேபிள்வெயிட் என்ற தனி அமைப்புகள் உள்ளன. லெஜண்டை மட்டும் தடிப்பாக்க, அதன் ப்ராப் அளவுருவில் வெயிட்டுக்குப் போல்ட் என்று ஓர் அகராதியாகத் தர வேண்டும்.

ஒரு வரியில் ஒரு சொல்லை மட்டும் தடிப்பாக்க, இரு டாலர் குறிகளுக்கிடையே மேத்பிஎஃப் கட்டளையைப் பயன்படுத்தலாம். அதனுள் சொற்களுக்கிடையிலான வெற்றிடம் மறைந்துவிடும். ஒவ்வொரு வெற்றிடத்துக்கும் முன் ஒரு பின்சாய்கோடு இட வேண்டும்.

பின்சேர்க்கை: தாமே நிறுவிய எழுத்துருவில் தடிப்பு வரவில்லை என்று சிலர் கேட்டிருந்தனர். மேட்பிளாட்லிப் தடிப்பைச் செயற்கையாக உருவாக்குவதில்லை. அந்த எழுத்துருவின் போல்ட் கோப்பும் கணினியில் இருக்க வேண்டும். கோப்பு இருந்தும் வராவிட்டால், ஃபான்ட்_மேனேஜர் தொகுதியிலுள்ள ஃபான்ட்மேனேஜர் (fontManager; இதில் M மட்டும் பெரிய எழுத்து) என்ற பொருளின் ஆட்ஃபான்ட் கட்டளைக்கு அதன் முழுப் பாதையைக் கொடுத்துவிட்டு, படத்தை மீண்டும் வரையவும்.