தாத்தாவின் பெட்டியில் ராணுவ பேட்ஜ்: சங்கா, யானையா?

தமிழ்நாடு-கேரள எல்லையில், களியக்காவிளையிலும் பாறசாலையிலும் பட்டாளத்துக்குப் போன பெரியவர்களின் தகரப் பெட்டிகள் பல வீடுகளில் இன்னும் இருக்கின்றன. அதில் ஒரு பித்தளை பேட்ஜ் கிடைத்தால் உடனே "மதராஸ் ரெஜிமெண்ட்" என்று சொல்லிவிடுகிறார்கள். நம் எல்லைப் பகுதியில் அந்த அவசரம் ஆகாது. இங்கே யானை இரண்டு படைகளுக்குச் சொந்தம்.

முதல் படி: தேய்க்காதீர்கள். புளியும் சாம்பலும் குத்துவிளக்குக்குச் சரி. பேட்ஜில் நுண்ணிய கோடுகள் மழுங்கினால் திரும்ப வராது. உலர்ந்த மென்மையான துணி போதும்.

இரண்டாவது படி: திருப்பிப் பாருங்கள். பின்னால் வளையங்களோ நீண்ட தகடோ இருந்தால் பெரும்பாலும் தொப்பியில் அணிந்தது. சிறியதாக, ஜோடியாகக் கிடைத்தால் காலரில் குத்தியதாக இருக்கலாம்.

மூன்றாவது படியில்தான் நிதானம் வேண்டும். யானைகளை எண்ணுங்கள்.

இரண்டு யானைகளும் நடுவில் ஒரு சங்கும் இருந்தால் அது திருவிதாங்கூர். 1750இல் மார்த்தாண்ட வர்மா நாட்டையே பத்மநாப சுவாமிக்கு எழுதிக் கொடுத்து, 'பத்மநாப தாசன்' என்ற பெயரில் ஆண்டார். சங்கு அந்தப் பெருமாளின் கையில் இருப்பது. அதை அணிந்த சிப்பாய், மன்னருக்கும் மேலே ஒரு முதலாளியின் அடையாளத்தைச் சுமந்தான் என்றே நான் பார்க்கிறேன். இதே மன்னரின் படைதான் 1741இல் குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்தது. அங்கே பிடிபட்ட டச்சு அதிகாரி டிலனாய் பின்னர் திருவிதாங்கூர்ப் படைக்கே பயிற்சி கொடுத்தார்; அவர் கல்லறை உதயகிரிக் கோட்டையில் இருக்கிறது. குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை இந்த ராஜ்யத்தோடும் அதன் பின்வந்த மாநிலத்தோடும் இருந்ததால், எல்லைக்குத் தமிழ்நாட்டுப் பக்கத்திலும் சங்கு கிடைப்பதில் வியப்பில்லை.

ஒற்றை யானை, கேடயம், குறுக்கே இரண்டு வாள்கள் என்றால் மதராஸ் ரெஜிமெண்ட். இது 'அஸ்ஸாயி யானை'. 1803 செப்டம்பர் 23 அன்று, இன்றைய மகாராஷ்டிரத்தில் உள்ள அஸ்ஸாயியில், ஆர்தர் வெல்லெஸ்லியின் தலைமையில் மதராஸ் சிப்பாய்களும் சேர்ந்து மராத்தியப் படையை வென்றதன் நினைவு. கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பெற்ற வெற்றி அது. நம்மவர் சிந்திய ரத்தமும் அதில் உண்டு. யானையை இரண்டோடும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. வெல்லெஸ்லி பிறகு வெலிங்டன் பிரபு ஆனார். ரெஜிமெண்டின் தலைமையகம் இருக்கும் நீலகிரி ஊருக்கும் அவர் பெயர்தான். ரெஜிமெண்டின் குறிக்கோள் வாசகம் 'ஸ்வதர்மே நிதனம் ஸ்ரேயஹ', பகவத் கீதை மூன்றாம் அத்தியாயத்திலிருந்து வந்தது: தன் கடமையில் சாவதே மேல்.

ஒரே பெட்டியில் இரண்டும் கிடைத்தால் குழம்ப வேண்டாம். சுதந்திரத்துக்குப் பின் திருவிதாங்கூர்ப் படைப்பிரிவுகள் மதராஸ் ரெஜிமெண்டின் 9ஆவது, 16ஆவது பட்டாலியன்களாகின. ஒரே மனிதர் இரண்டையும் அணிந்திருக்க முடியும்.

நான்காவது படி, காலம். பிரிட்டிஷ் இந்தியப் படையின் சின்னங்கள் பலவற்றில் கிரீடம் இருக்கும். 1950இல் குடியரசான பின் கிரீடம் போய் அசோகச் சிங்கம் வந்தது. மேஜரின் தோளில் இருக்கும் பதவிச் சின்னத்திலும் இதே மாற்றம்தான்.

ஐந்தாவது படி: பேட்ஜோடு டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் தேடுங்கள். அதில் உள்ள படை எண்ணும் பட்டாலியன் பெயரும் பேட்ஜைவிட நம்பகமானவை. அதை எடுத்துக்கொண்டு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டால், வெலிங்டனில் உள்ள ஆவணப் பிரிவுக்கு எப்படி எழுதுவது என்று சொல்வார்கள்.

இணையத்தில் வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அச்சில் அழுத்திச் செய்த பேட்ஜின் முதுகு குழிவாக, முன்பக்கத்தின் உருவத்தைத் தலைகீழாகக் காட்டும். கெட்டியான முதுகும் சொரசொரப்பான ஓரமும் இருந்தால் வார்ப்பு. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இந்தியாவிலேயே வார்த்த அசல்களும் உண்டு என்பதால் வார்ப்பு எல்லாமே போலி அல்ல. ஆனால் விற்பவர் அந்தக் காரணத்தைச் சொல்லியே அதிக விலை கேட்டால் வாங்காதீர்கள்.