எட்டுத் தட்டுக்கு ஒரு சட்டிக் குழம்பு

ரேஷன் அரிசி வாங்கும் வீட்டில் சோற்றுக்குக் காசு போவதில்லை. குழம்புக்கும் எண்ணெய்க்கும் சாயங்காலத் தின்பண்டத்துக்கும்தான் போகிறது. வேலூர், காட்பாடி, குடியாத்தம், ஆற்காடு பக்கம் எட்டுப் பேர் இருக்கும் வீட்டில் கையிலிருக்கும் காசுக்குள் மூன்று வேளையும் வயிறு நிறையப் போட வேண்டுமானால், கணக்கைக் குழம்பிலிருந்து ஆரம்பியுங்கள். இங்கே சொல்லும் அளவெல்லாம் பெரியவர் ஐந்து, பிள்ளைகள் மூன்று என்ற வீட்டுக்கு. டம்ளர் என்றால் 200 மில்லி.

தட்டை எண்ணுங்கள்

அரசுப் பள்ளியில் 1 முதல் 5 வரை படிக்கும் பிள்ளைக்குக் காலை உணவு பள்ளியிலேயே கிடைக்கிறது. மதியம் சத்துணவும் முட்டையும். இரண்டு பேர் தொடக்கப் பள்ளி, ஒருவர் எட்டாவது என்றால் வாரத்தில் காலைத் தட்டு 10, மதியத் தட்டு 15 வீட்டில் குறையும். இதை எண்ணாமல் தினமும் எட்டுப் பேருக்கே உலை வைப்பதால்தான் சோறு மிஞ்சுகிறது.

ஆனால் நாலரை மணிக்குப் பசியோடு வந்து நிற்பார்கள். வீட்டில் ஒன்றும் இல்லாவிட்டால் பஜ்ஜிக்கும் பாக்கெட்டுக்கும் ஆளுக்கு இருபது ரூபாய் என்றாலும் அறுபது போச்சு. காலையில் கால் கிலோ காராமணியை ஊறப்போட்டு மூன்றரைக்கு வேகவையுங்கள். காலையிலேயே வேகவைத்து மூடி வைக்கலாமே என்று தோன்றும். சித்திரை வெயிலில் அது நாலு மணிக்குள் ஊசிப்போகும்.

ரேஷன் பருப்பை நீட்டுவது

மாதத்துக்கு ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய், ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய். எந்த மாதமும் விடாதீர்கள். எட்டுப் பேர் சாம்பாருக்கு 200 கிராம் போட்டால் ஐந்தாவது சாம்பாரில் பருப்பு தீரும். 125 கிராம் பருப்போடு கால் கிலோ பரங்கிக்காயையும் சேர்த்து வேகவைத்துக் கடையுங்கள். கெட்டியாக நிற்கும். அதே ஒரு கிலோவில் எட்டுச் சாம்பார், வாரத்துக்கு இரண்டு என்று மாதம் ஓடும்.

ரேஷன் அரிசி வாடை அடித்தால் அரை நாள் வெயிலில் உலர்த்தி, முதல் தண்ணீரை வெதுவெதுப்பாக ஊற்றிக் களையுங்கள். கழுவும்போது மிதக்கும், நிறம் மாறிய சில மணிகளை ‘பிளாஸ்டிக் அரிசி’ என்று பொறுக்கி எறிகிறார்கள். அது செறிவூட்டிய அரிசி. அரிசி மாவிலேயே இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துச் செய்து, நூறு மணிக்கு ஒன்று என்று கலந்திருக்கும். எறிய வேண்டாம். கஞ்சி வடித்தால் சத்தில் கொஞ்சம் அதோடு போகும் என்பதால் வடிகஞ்சியையும் கொட்டாதீர்கள். உப்புப் போட்டுக் குடிக்கலாம், ரசத்தில் சேர்க்கலாம்.

ஒரு கொள்ளு, இரண்டு குழம்பு

துவரைக்கு அடுத்து கை கொடுப்பது கொள்ளு. 300 கிராம் எடுத்துக் கல் பொறுக்குங்கள். கொள்ளில் கல் நிறைய, நிறமும் ஒன்றுபோல இருப்பதால் கண்ணுக்குத் தப்பும். தண்ணீரில் போட்டு அரித்து எடுப்பதே நல்லது. ராத்திரி முழுக்க ஊறவைத்து, பத்து டம்ளர் தண்ணீரில் குக்கரில் ஆறேழு விசில் விடுங்கள். ஊறாத கொள்ளை வேகவைத்தால் கேஸ்தான் வீண். புளியை முன்கூட்டி ஊற்றிவிட்டாலும் வேகாது. புளிப்புப் பட்ட பயறு மெத்தென்று ஆவதில்லை.

வெந்த தண்ணீரை வடித்தால் ஏழு டம்ளர் வரை கிடைக்கும். அதில் எலுமிச்சை அளவு புளி, இரண்டு தக்காளி, தட்டிய மிளகு ஒரு ஸ்பூன், சீரகம் ஒன்றரை ஸ்பூன், பூண்டு எட்டுப் பல். நுரை கட்டி மேலே வந்ததும் இறக்கிவிடுங்கள். தளதளவென்று கொதிக்கவிட்ட ரசம் கசக்கும். இது மதியச் சோற்றுக்கு. வடித்த கொள்ளை சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, காய்ந்த மிளகாய் நாலு, பூண்டு, உப்போடு சட்டியில் போட்டு மத்தால் கடைந்து ஒரு கரண்டி எண்ணெயில் தாளித்தால் ராத்திரிக் களிக்குக் கடைசல் தயார்.

களி

ராத்திரி அரிசிக்குப் பதில் வாரத்துக்கு மூன்று நாள் களி கிண்டினால், ரேஷன் அரிசி மாதக் கடைசி வரை வரும். கேழ்வரகை மாவாக வாங்காதீர்கள். தானியமாக வாங்கி, கழுவி, காயவைத்து, மில்லில் அரைப்பது மலிவு. ஒரு மாதத்துக்கு மேல் வைத்த மாவு கசந்துவிடும், அதனால் ஐந்து கிலோவுக்கு மேல் ஒரே தடவையில் அரைக்க வேண்டாம்.

எட்டுப் பேருக்கு மாவு ஆறு டம்ளர், நொய் ஒரு டம்ளர், தண்ணீர் பதினைந்து டம்ளர், உப்பு. நொய்யை அரை மணி ஊறவைத்து அந்தப் பதினைந்து டம்ளர் தண்ணீரில் குழைய வேகவிடுங்கள். வெந்ததும் இரண்டு டம்ளர் கஞ்சியைத் தனியாக மொண்டு வையுங்கள். தண்ணீர் நன்றாகக் கொதிக்கும்போது மாவை நடுவில் குவியலாகக் கொட்டி, துடுப்புக் காம்பால் குவியலின் நடுவே அடி வரை ஒரு துளை போடுங்கள். கிண்டாதீர்கள். களி கெடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். மாவு விழுந்ததும் பயந்துபோய்க் கிண்டினால் வெளியே வெந்து உள்ளே பச்சை மாவாக உருண்டை உருண்டையாய் நிற்கும். தீயைக் குறைத்து மூடி பத்து நிமிடம் விட்டால் துளை வழியாகக் கஞ்சி மேலே பொங்கி மாவு முழுக்க நனையும்.

பிறகு இறக்கி, ஒருவர் சட்டியைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் துடுப்பால் ஓரத்தோடு அழுத்தி அழுத்திக் கிண்ட வேண்டும். இறுகினால் மொண்டு வைத்த கஞ்சியைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். மறுபடி ஐந்து நிமிடம் சின்னத் தீயில் வையுங்கள். நனைத்த கையால் தொட்டால் ஒட்டக்கூடாது. ஒட்டினால் இன்னும் வேகவில்லை என்று அர்த்தம், சாப்பிட்டால் வயிறு கடுக்கும். ஒட்டாவிட்டால் தண்ணீர் தொட்டு உருட்டிவிடலாம். மிஞ்சிய உருண்டையைத் தண்ணீரில் போட்டு வைத்து, காலையில் மோர் விட்டுக் கரைத்தால் கூழ்.

காய் வாங்குவது

என்ன குழம்பு என்று முடிவு பண்ணிக்கொண்டு சந்தைக்குப் போனால் காசு கூடத்தான் ஆகும். வேலூர் டோல்கேட், காட்பாடி உழவர் சந்தைகளில் அன்றைய விலை பலகையில் எழுதியிருக்கும். முதலில் அதைப் பாருங்கள். எது இறங்கியிருக்கிறதோ அதுதான் இன்றைக்கும் நாளைக்கும் குழம்பு. கீரைக்கு விடியற்காலையில் கூட்டமிருக்கும், பத்து மணிக்கு மேல் கட்டின் விலை இறங்கும். கொஞ்சம் வாடியிருந்தாலும் கடைசலுக்குப் பரவாயில்லை. பொரியலுக்குத்தான் ஆகாது. மொத்தமாக எடுத்தால் வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் வெங்காயம், உருளை, தக்காளி இன்னும் மலிவு. பக்கத்து வீட்டோடு சேர்ந்து மூட்டையாக எடுப்பவர்களும் உண்டு.

கத்தரிக்காய் இறங்கினால் விடாதீர்கள். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பெருமையாகச் சொல்கிறோம். சமையலில் அதற்கு ஜோடி கருவாடு. நெத்திலிக் கருவாடு 100 கிராம், கத்தரிக்காய் முக்கால் கிலோ, எட்டுப் பேருக்குத் தாராளம். கருவாட்டுத் தலையைக் கிள்ளி, வெந்நீரில் ஐந்து நிமிடம் போட்டு, மணல் போகும் வரை நாலு தண்ணீர் அலசுங்கள். வெங்காயம், பூண்டு, கத்தரிக்காய் வதக்கி, 60 கிராம் புளியைக் கரைத்து ஊற்றி, மிளகாய்த்தூள் பச்சை வாடை போகக் கொதித்து, காய் முக்கால் பதம் வெந்த பிறகே கருவாடு. அதன்பின் ஏழு நிமிடம் போதும், கூடினால் கரைந்து முள்தான் மிஞ்சும். உப்பைக் கடைசியில் ருசி பார்த்துப் போடுங்கள். முதலிலேயே போட்டால் குழம்பை வாயில் வைக்க முடியாது.

முட்டை எட்டு வேகவைப்பதற்குப் பதில், நாலு முட்டையைக் கால் கிலோ வெங்காயத்தோடு பொரித்தால் எட்டுத் தட்டுக்கும் வரும். கறி எடுக்கும் நாளில் அரைக் கிலோ கோழிக்கு அரைக் கிலோ உருளைக்கிழங்கு. மாட்டுக்கறி சாப்பிடும் வீட்டுக்கு அதுவே ஆட்டுக்கறியைவிட வெகு மலிவு.

புளியை மாதாமாதம் கடையில் வாங்குவது வீண் செலவு. மாசி, பங்குனியில் புதுப்புளி வரும்போது, ஜவ்வாது மலைப் புளி கிடைத்தால் நல்லது, வருஷத்துக்குப் பத்துக் கிலோ எடுங்கள். கொட்டையும் நாரும் நீக்கி, வெயிலில் காயவைத்து, கல்லுப்புக் கலந்து ஜாடியில் அமுக்கி வையுங்கள். ஈரக்கை பட்டால் பூஞ்சை பிடிக்கும்.

எண்ணெய்க்கு ஒரு தந்திரம்தான். மாதத்துக்கு மூன்று லிட்டர் என்று வைத்து, ஞாயிற்றுக்கிழமை 700 மில்லியைச் சின்னப் பாட்டிலில் ஊற்றிப் பெரிய கேனை மேலே ஏற்றிவிடுங்கள். வியாழக்கிழமையே பாட்டில் காலியானால் வெள்ளி, சனி ரசமும் துவையலும்தான். மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, வறுத்துக் காய்ந்த மிளகாய், புளி, உப்போடு அரைக்கும் துவையலுக்கு ஒரு சொட்டு எண்ணெய்கூட வேண்டாம்.