மாணவர் அணிக்கு ஹாஜியின் கதையைச் சொல்வது எப்படி?

பாளையங்கோட்டைப் பக்கம் மாலைப் பயிற்சி முடிந்து பிள்ளைகள் வேர்வையோடு உட்காரும் கால் மணி நேரம், ருமேனியாவின் கால்பந்து வீரர் கியோர்கே ஹாஜியைப் பற்றிச் சொல்லப் போதுமானது. 1965-இல் பிறந்தார் என்று தொடங்காமல், 1994 உலகக் கோப்பையில் கொலம்பியாவுக்கு எதிராக அவர் அடித்த கோலிலிருந்து தொடங்குங்கள். செம்மண் தரையில் சுண்ணாம்புத் தூளால் பெனால்டி பகுதியை வரைந்து, அதற்கு வெகு வெளியே இடது ஓரத்தில் ஒரு பிள்ளையையும், கோல் கோட்டை விட்டுச் சில எட்டு முன்னால் கோல்கீப்பரையும் நிறுத்தினால், இடக்காலால் தூக்கி அடித்த பந்து எப்படிக் கோல்கீப்பரின் தலைக்கு மேலே சென்று வலைக்குள் விழுந்தது என்பது தானே விளங்கும்.

ஸ்பெயின் கழகங்களான ரியல் மாட்ரிட், பார்சிலோனாவில் அவர் ஆடிய ஆண்டுகளை ஒரே வரியில் கடந்துவிடலாம். அங்கே அவர் முழுமையாக ஒளிரவில்லை என்பது என் கருத்து. பின்னர் அவர் ஆடிய துருக்கியின் கலாதசராய் கழகம், 2000-இல் ஐரோப்பியக் கழகங்களுக்கான யுஇஎஃப்ஏ கோப்பையை வென்றதைச் சொல்லும்போது, அந்த இறுதிப் போட்டியில் அவர் சிவப்பு அட்டை பெற்று வெளியேறியதையும் மறைக்க வேண்டாம்.

மிகுந்த நேரத்தை அவருடைய பயிற்சியாளர் வாழ்க்கைக்கு ஒதுக்குங்கள். 2009-இல் தம் சொந்த வட்டாரமான கான்ஸ்டான்சாவில் இளையோர் பயிற்சிக்கூடத்தையும் விட்டோருல் கழகத்தையும் தொடங்கிய அவர், பெரும்பாலும் இளம் ஆட்டக்காரர்களைக் கொண்டே 2017-இல் ருமேனிய லீக் பட்டத்தை வென்றார். கடைசிப் பேருந்தை நினைத்துக்கொண்டே பயிற்சிக்கு வரும் கிராமத்துப் பிள்ளைகளிடம், ‘விட்டோருல்’ என்றால் ‘எதிர்காலம்’ என்று பொருள் என்பதை அவசியம் சொல்லுங்கள்.