வெளியூர் வேலையும் வீட்டுப் பிள்ளையும்: பெற்றோர் செய்யும் சில தவறுகள்

செட்டிநாட்டில் வெளியூர் வேலை புதிதல்ல. கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வணிகம் செய்யப் போன நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) பர்மாவிலும் மலாயாவிலும் மூன்று ஆண்டுக் கணக்கை முடித்துவிட்டுத்தான் ஊர் திரும்பினார்கள். அதனால் மாதத்தில் பாதி நாள் சென்னையில் இருக்கும் இன்றைய அப்பாவுக்கு ஒரு சமாதானம் தயாராகவே இருக்கிறது: "அந்தக் காலத்தில் பிள்ளைகள் வளரவில்லையா?"

வளர்ந்தார்கள். எங்கே வளர்ந்தார்கள் என்பதை மறந்துவிடுகிறோம். வளவு என்னும் உள்முற்றத்தைச் சுற்றிப் பெரியப்பா, சித்தப்பா குடும்பங்களுக்குத் தனித்தனி அறை, பட்டாலை என்னும் கூடத்தில் ஐயா (தாத்தா), அடுப்படியில் அப்பத்தா, விழுந்தால் தூக்க யாராவது ஒருவர். இன்று அந்த வீடு பூட்டிக் கிடக்கிறது. பிள்ளை காரைக்குடியில் இரண்டு அறை வாடகை வீட்டில் அம்மாவோடு இருக்கிறது. மூன்று பேர் உள்ள வீட்டில் ஒருவர் கிளம்பினால் அது வேறு கணக்கு. பழைய உதாரணத்தைக் காட்டி மனத்தை ஆற்றிக்கொள்வதுதான் முதல் தவறு.

அடுத்தது, சொல்லாமல் கிளம்புவது. சென்னை போகும் பல்லவன் எக்ஸ்பிரஸைப் பிடிக்க விடியற்காலையிலேயே வீட்டை விட்டுப் புறப்பட வேண்டும். எழுப்பினால் அழும் என்று பூனை நடை நடந்து வெளியேறுகிறோம். அழுகை மிச்சமாவது நமக்குத்தான். கண் விழித்ததும் அப்பா இல்லை என்று கண்டுகொண்ட பிள்ளை அடுத்த முறை தூங்கவே மறுக்கும், வீட்டுக்குள் நடந்தால்கூட நிழல்போல் ஒட்டிக்கொண்டு வரும். முந்தின இரவே சொல்லிவிடுங்கள்: எந்த ஊர், என்ன வேலை, எத்தனை ராத்திரி. மூன்று வயதுப் பிள்ளைக்கு 'வியாழக்கிழமை' என்பதற்குப் பொருளில்லை. 'நான்கு ராத்திரி தூங்கி எழுந்தால் அப்பா வந்துவிடுவேன்' என்பது புரியும். நாள்காட்டியில் தாள் கிழிக்கும் வேலையை அதனிடமே கொடுக்கலாம்.

பெரும்பாலோர் சறுக்குவது தொலைபேசியில். நமக்கு வேலை ஓய்ந்த நேரத்தில் கூப்பிடுகிறோம். சிங்கப்பூரில் இரவு எட்டு மணி என்றால் இங்கே மாலை ஐந்தரை. பள்ளி விட்டு வந்து விளையாடப் போகும் நேரம். துபாயில் இரவு ஒன்பது என்றால் இங்கே பத்தரை. பிள்ளை பாதித் தூக்கத்தில் இருக்கும். அழைப்பு நேரத்தைப் பிள்ளையின் நாளுக்குப் பொருத்துங்கள். ஒரு மணி நேரம் பேசியே ஆக வேண்டும் என்பதில்லை. ஐந்து நிமிடம், அதே நேரத்தில், தவறாமல். முடியாத நாளில் முடியாது என்று முன்கூட்டியே ஒரு குரல்பதிவு அனுப்பிவிட வேண்டும். காத்திருந்து ஏமாறுவதுதான் பிள்ளைக்குக் கனம்.

பேசுவதுதான் என்ன? "சாப்பிட்டாயா? படித்தாயா? அம்மா சொன்னபடி கேட்டாயா?" இது விசாரணை. பதிலும் அதற்கேற்ப "ம்", "ம்" என்றே வரும். நேற்றுப் பிள்ளை சொன்னதிலிருந்து தொடங்கிப் பாருங்கள்: அந்த உடைந்த சைக்கிள் சங்கிலி என்ன ஆயிற்று, பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் சமாதானமாகிவிட்டானா? இதற்கு அம்மாவிடம் முன்பே ஒரு வார்த்தை கேட்டு வைத்துக்கொள்வதில் குற்றமில்லை. உங்கள் நாளையும் சொல்லுங்கள். விடுதிச் சட்னியில் உப்பில்லை என்பது எட்டு வயதுக்குப் பெரிய செய்தி. ஒரே கதைப் புத்தகத்தில் இரண்டு பிரதி வாங்கி, ஒன்றைப் பெட்டியில் வைத்துக்கொண்டு தினம் ஒரு பக்கம் வாசிப்பது நல்ல வழி. சின்னக் குழந்தை திரையை இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு ஓடிவிடும். அதை வெறுப்பென்று எண்ணி வருந்த வேண்டாம், அந்த வயது அப்படி.

வீட்டில் இருப்பவர் செய்யும் தவறும் ஒன்று உண்டு. "அப்பச்சி வரட்டும், சொல்கிறேன்!" அப்பச்சி என்றால் இங்கே அப்பா. பிள்ளை பார்க்க ஏங்கும் ஆளைப் போலீஸ்காரராக்கிவிடும் வாக்கியம் இது. அம்மா வெளியூர் போகும் வீடுகளில் இன்னும் மோசம். "பிள்ளையை விட்டுவிட்டுப் போகிறாள் பார்" என்று அதன் காதுபடவே பேசுகிறார்கள். அப்பா போனால் அது உழைப்பு, அம்மா போனால் குற்றமா?

வாக்குறுதியில் கஞ்சத்தனம் நல்லது. டிக்கெட் கையில் இல்லாமல் தீபாவளிக்கு வருகிறேன் என்று சொல்லாதீர்கள். எல்லா நாளுக்கும் வர முடியாது என்பதை ஒப்புக்கொண்டு, பிள்ளையையே இரண்டு மூன்று நாள்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். நகரத்தார் வீடுகளில் கொண்டாடும் பிள்ளையார் நோன்பு நல்ல தேர்வு. திருக்கார்த்திகையிலிருந்து இருபத்தோராம் நாள் என்பதால் முன்கூட்டியே விடுப்புக் கேட்டு வைக்கலாம். வீட்டுப் பெரியவர் கையால் இழை (மாவில் வைத்து ஏற்றிய நூல்திரி) எடுக்கும்போது அப்பாவும் பக்கத்தில் நின்றால் பிள்ளைக்கு அது போதும்.

பரிசுப் பெட்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வாங்குங்கள், ஆனால் வாசலிலேயே திறக்காதீர்கள். இல்லையென்றால் பிள்ளை பெட்டிக்குக் காத்திருக்கப் பழகிவிடும்.

திரும்பி வரும் நாளை யாரும் ஒரு பொருட்டாக நினைப்பதில்லை. திருச்சி விமான நிலையத்திலிருந்து வந்து இறங்கியதும் பிள்ளை ஓடிவந்து கட்டிக்கொள்ளும் என்று எதிர்பார்க்கிறோம். அது அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் ஒளிகிறது, அல்லது கோபமாக முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. இழுத்து முத்தம் கொடுக்க வேண்டாம். தரையில் உட்காருங்கள், அதுவே வரும். நீங்கள் இல்லாதபோது அம்மா வகுத்த தூங்கும் நேரத்தையும் படிக்கும் முறையையும் வந்த அன்றே மாற்றவும் வேண்டாம். இன்னொரு சிக்கல் உறவு. வந்த சேதி தெரிந்ததும் பங்காளிகள், அத்தை, மாமா என்று வரிசை தொடங்கும். மறுநாள் பிள்ளையார்பட்டி, குன்றக்குடி; அதற்கடுத்த நாள் ஒரு கல்யாணம். விடுப்பு முடிந்துவிடும். முதல் நாள் முழுவதும் வீட்டோடு இருந்துவிடுங்கள். யாராவது கோபித்துக்கொண்டால் பயணக் களைப்பு என்று சொல்லுங்கள், அந்தக் காரணத்தை இங்கே யாரும் மறுத்துப் பேசுவதில்லை.