பண்டைப் பாரசீகப் பெண்கள்: எழுதுவோர் சறுக்கும் இடங்கள்

பண்டைப் பாரசீகப் பெண்களைப் பற்றி இணையத்தில் இரண்டு கதைகள்தான் சுற்றுகின்றன. அந்தப்புரத்தில் அடைபட்டுச் சதி செய்யும் ராணிகள் என்பது ஒன்று. ஆணுக்கு நிகரான கூலியும் பேறுகாலச் சலுகையும் வாங்கிய பெண்களின் பொற்காலம் என்பது இன்னொன்று. எதையும் அப்படியே எடுத்து எழுதிவிடாதீர்கள்.

முதல் கதை பெரும்பாலும் கிரேக்கர் தந்தது. இரண்டாம் டாரியஸின் மனைவியான அரசி பாரிசாட்டிஸைக் கொடூரக்காரியாகக் காட்டுபவர் பாரசீக அரண்மனையில் வைத்தியராக இருந்த கிரேக்கர் டீசியாஸ். நஞ்சும் பழிவாங்கலும் இல்லாமல் அவருக்குக் கதை ஓடாது! அதே பாரிசாட்டிஸுக்கு பாபிலோனியாவில் நிலங்கள் இருந்ததையும், அவற்றைக் கவனிக்கத் தனி அலுவலர் இருந்ததையும் நிப்பூரில் கிடைத்த களிமண் ஆவணங்கள் காட்டுகின்றன. கிரேக்கரை மட்டும் படித்தால் இந்த நிலக்கிழாரம்மா கண்ணில் படவே மாட்டார்.

ஆகவே கணக்கேடுகளைப் பாருங்கள். பாரசீகத் தலைநகரங்களில் ஒன்றான பெர்செபோலிஸில் 1933-இல் தோண்டியெடுத்த பல்லாயிரம் களிமண் பலகைகள் கி.மு. 509 முதல் 493 வரையிலான அரசுக் கணக்குகள். தன் மனைவி இர்தஷ்துனாவுக்கு 100 ஆடுகள் கொடுக்கும்படி மன்னர் முதலாம் டாரியஸ் இட்ட ஆணை அவற்றில் ஒன்று. இன்னொன்றில் இர்தஷ்துனாவுக்கு ஏறக்குறைய 2,000 லிட்டர் ஒயின். விருந்துக்காக இருக்கலாம். இந்த அம்மையார் தன் சொந்த முத்திரையிட்டுத் தன் பண்ணைகளுக்கே உத்தரவு அனுப்பியிருக்கிறார். இர்தபாமா என்ற செல்வச் சீமாட்டியின் கீழ் நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் இருந்தார்கள்.

சரி, இதே பலகைகளை வைத்துத்தான் பொற்காலக் கதையும் கட்டுகிறார்கள். குழந்தை பெற்ற தொழிலாளிக்குக் கூடுதல் படி (கூலியாக அளந்து தந்த உணவுப் பங்கு) கிடைத்தது உண்மை. ஆனால் ஆண் குழந்தை என்றால் அளந்தது பெண் குழந்தைக்கு அளந்ததைப்போல் இரண்டு மடங்கு; இந்த வரியை மட்டும் வசதியாக விட்டுவிடுகிறார்கள். சில தொழில்களில் ஆணும் பெண்ணும் ஒரே படி வாங்கினார்கள், வேலைக்குழுக்களின் பெண் தலைவிகள் அதைவிட நிறையவே வாங்கினார்கள். சாதாரண வேலைக்காரிக்கோ பெரும்பாலும் மாதம் சுமார் 20 லிட்டர் தானியம், ஆணுக்கு 30. தவிர, இவர்களில் பலர் எகிப்து, திரேஸ் போன்ற தொலைதூர நாடுகளிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். விரும்பி வேலைக்கு வந்தவர்கள் என்று சொல்லிவிட முடியாது.

பெர்செபோலிஸ் சுவர்ச் சிற்பங்களில் பெண்ணே இல்லையே, அப்படியானால் திரைமறைவு வாழ்க்கைதானே என்று வாதிடுவோரும் உண்டு. அந்தச் சுவர்கள் அரச சடங்கைக் காட்டுபவை, ஊர் வாழ்க்கையை அல்ல. முத்திரைகளில் பெண்கள் இருக்கிறார்கள்.

அப்புறம் இன்னொரு சறுக்கல்: கி.மு. 480-இல் கிரேக்கருக்கு எதிரான சலாமிஸ் கடற்போரில் பாரசீகர் பக்கம் கப்பல்களை நடத்திய ஆர்டெமிசியாவைப் பாரசீகப் பெண் என்று எழுதுவது. அவர் பாரசீகப் பேரரசுக்கு அடங்கிய, இன்றைய துருக்கிக் கரையிலிருந்த கிரேக்க நகரமான ஹாலிகர்னாசஸின் அரசி. கி.பி. 630-இல் அரியணை ஏறிய அரசி போரான் பாரசீகரேதான், ஆனால் பிற்காலத்துச் சாசானிய அரச மரபினர். டாரியஸுக்கும் அவருக்கும் இடையே ஆயிரம் ஆண்டுக்கு மேல் இடைவெளி; இருவர் காலத்தையும் ஒரே பத்தியில் கலக்காதீர்கள்.