கால் குடைச்சலுக்கு ஸ்மார்ட் வாட்ச்: எதைப் பார்ப்பது, எதை விடுவது

படுத்ததும் கெண்டைக்காலுக்குள் ஏதோ ஊர்கிற மாதிரி குடைச்சல். எழுந்து நடந்தால் அடங்குகிறது, படுத்தால் திரும்புகிறது. பொழுது சாய்ந்தபின் கூடுகிறது. ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் (காலை ஆட்டிக்கொண்டே இருக்கத் தூண்டும் நோய்) இப்படித்தான் இருக்கும். நடந்தும் குறையாத எரிச்சல், மதமதப்பு என்றால் சர்க்கரையால் வரும் நரம்புப் பாதிப்பாக இருக்கலாம். முதலில் டாக்டரிடம் போங்கள்.

மணிக்கட்டில் கட்டிய வாட்ச்சுக்குக் கால் ஆடுவது தெரியாது. கை அசைவையும் நாடித்துடிப்பையும் வைத்துத் தூக்கத்தை ஊகிக்கிறது. விழித்தபடி அசையாமல் கிடந்தாலும் பல நேரம் தூக்கம் என்றே எழுதிவிடும். கணுக்காலில் கட்டினாலும் சரிவராது. கணக்கு கைக்காகப் போட்டது. தூக்கத்துக்கு வாட்ச் போடும் மதிப்பெண்ணான ஸ்லீப் ஸ்கோரை மறந்துவிட்டு, தூங்கிய மணி, இடையில் விழித்த மணி இரண்டை மட்டும் பாருங்கள்.

சாயங்காலமே சார்ஜ் போட்டு, மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, நழுவாத அளவுக்குக் கட்டுங்கள். காலையில் எழுந்ததும் நோட்டில் எழுத வேண்டியவை: குடைச்சல் தொடங்கிய மணி, கடுமை (0 முதல் 10), எத்தனை தடவை எழுந்தீர்கள், கடைசி டீ எத்தனை மணிக்கு, என்ன மாத்திரை. 2 வாரம் எதையும் மாற்றாமல் எழுதுங்கள். சித்திரைத் திருவிழா நாட்களில் தொடங்க வேண்டாம். வெக்கையும் கண்விழிப்பும் கணக்கைக் குழப்பிவிடும்.

பிறகு ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு மாற்றம். மதுரையில் ராத்திரி எந்நேரமும் டீ கிடைப்பதால் அதிலிருந்தே தொடங்கலாம்: மதியத்துக்குமேல் டீ, காபி, கோலா வேண்டாம். அடுத்தது மாத்திரை. குளோர்பெனிரமின் கலந்த சளி மாத்திரையும், வாந்திக்குத் தரும் மெட்டோகுளோபிரமைடும் குடைச்சலைக் கூட்டும். மன அழுத்த மாத்திரைகளில் சிலவும் அப்படித்தான், ஆனால் அவற்றை நீங்களாக நிறுத்தக்கூடாது.

எல்லாவற்றையும்விட முக்கியம் ஃபெரிட்டின் பரிசோதனை, அதாவது உடம்பில் சேமித்த இரும்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் இரும்புச் சேமிப்பு குறைந்திருக்கலாம். ஃபெரிட்டின் 75 ng/mL அல்லது அதற்குக் கீழே என்றால் இரும்புச்சத்து பற்றி டாக்டரிடம் கேளுங்கள். காய்ச்சல் நேரத்தில் எடுத்தால் அளவு பொய்யாக ஏறிக் காட்டும். இரும்பு மாத்திரையை டீயோடு போட்டால் உடம்பில் சரியாகச் சேராது. கோரிப்பாளையம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாலும் தனியார் டாக்டரிடம் போனாலும் நோட்டைக் கையோடு கொண்டுபோங்கள்.

இந்த நோய்க்குத் தரும் பிரமிபெக்ஸோல், ரோபினிரோல் மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்கள் குடைச்சல் தொடங்கும் மணியைக் கண்ணும் கருத்துமாகக் கவனிக்க வேண்டும். இரவு 9 மணிக்கு வந்தது மெல்ல மெல்ல 6 மணிக்கே வந்தால், கைக்கும் பரவினால், மருந்தே நோயைக் கூட்டுகிறது என்று சந்தேகப்பட வேண்டும். அளவை ஏற்றாதீர்கள், சட்டென்று நிறுத்தவும் செய்யாதீர்கள்; அந்த வாரமே டாக்டரைப் பாருங்கள்.