வீட்டுத் தச்சுப் பட்டறைக்குக் கொம்பிரசர் தெரிவு செய்வது எப்படி?

காற்றை அழுத்தித் தாங்கியில் சேர்க்கும் மெசின்தான் கொம்பிரசர். கடையில் முதலில் காட்டுவது அதன் குதிரைவலு ஸ்டிக்கரைத்தான். அந்த ஸ்டிக்கரைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். எந்தக் கொம்பிரசர் என்பதைச் சொல்லவேண்டியது நீங்கள் அதில் பூட்டப்போகும் கருவி.

1. கருவிகளை எழுதுங்கள்

தூசி ஊதவும் 18 கேஜ் ஆணி அடிக்கவும் மட்டும் என்றால் 1 குதிரைவலு, 24 லீற்றர் தாங்கி தாராளம். பலகைக்குப் பூசும் சீலர், லெக்கர் அடிக்கும் ஸ்ப்ரே கன் வேறு சங்கதி. பல கன்கள் நிமிடத்துக்கு 8 கன அடி காற்று வரை இழுக்கும். காற்றில் ஓடும் சான்டர் (பலகை தேய்க்கும் கருவி) பெருந்தீனிக்காரன். அதற்காகப் பெரிய மெசின் வாங்குவது வீண், கரண்டில் ஓடுவதையே வாங்குங்கள்.

2. கணக்குப் பாருங்கள்

2 குதிரைவலு, 50 லீற்றர் மெசினில் 7 சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு 7 கன அடி) என்று போட்டிருந்தால் அது பிஸ்டன் உள்ளிழுக்கும் அளவு. 90 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 90 இறாத்தல்) அழுத்தத்தில் வெளியே வருவது 5 கன அடிக்கு மேல் இராது. கன் கேட்பது 8. குறையும் 3 கன அடியை, அதாவது நிமிடத்துக்கு 85 லீற்றரை, தாங்கிதான் கொடுக்கவேண்டும். 50 லீற்றர் தாங்கி 115இலிருந்து 90க்கு இறங்கும்போது தருவதும் ஏறக்குறைய அதே 85 லீற்றர். ஆக, ஒரு நிமிடம் சீராக அடிக்கலாம், பிறகு காத்திருக்கவேண்டும். ஸ்டூல், கதிரைக்கு இது காணும். அலுமாரிக் கதவுக்குக் காணாது. பாதியில் அழுத்தம் விழுந்து மேற்பரப்பு தோடம்பழத் தோல்போல ஆகிவிடும். 100 லீற்றருக்குப் போகுமுன், 4 கன அடியில் வேலை செய்யும் எல்.வி.எல்.பி. (குறைந்த காற்று, குறைந்த அழுத்த) கன் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள்.

3. கடையிலேயே ஓட்டிப் பாருங்கள்

வெளிவாயிலை மூடிவிட்டு, அழுத்தமானியின் முள் 85 பி.எஸ்.ஐ.யிலிருந்து 115க்கு ஏற எடுக்கும் நேரத்தை அளந்து பாருங்கள். 50 லீற்றர் தாங்கிக்கு 50 செக்கன் நல்லது. ஒன்றரை நிமிடம் என்றால் ஸ்டிக்கர் பொய். மோட்டர் நின்றதும் சுவிச்சுக்குக் கீழே 'புஸ்' என்று ஒருமுறை காற்றுப் போய் அடங்கவேண்டும். அடங்காமல் இரைந்துகொண்டே இருந்தால் செக் வால்வு (தாங்கிக் காற்று திரும்பி வராமல் தடுப்பது) பழுது.

பழையது வாங்குவதாயின் அடியிலுள்ள வடிகால் வால்வைத் திறந்து பாருங்கள். செம்மண் நிறத் தண்ணீரும் துருச் செதிலும் வந்தால் விட்டுவிடுங்கள். வெல்டிங் ஒட்டுப் போட்ட தாங்கியைச் சும்மா தந்தாலும் எடுக்கவேண்டாம்.

4. கரண்ட்

2 குதிரைவலு மோட்டர் ஓடும்போது 8, 9 அம்பியர் எடுக்கும், ஸ்டார்ட் ஆகும் கணத்தில் அதைப்போலப் பல மடங்கு. பழைய 5 அம்பியர் பிளக்கில் குத்தாமல், 2.5 சதுர மில்லிமீற்றர் வயரில் தனி லைன் எடுப்பியுங்கள். மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் வோல்டேஜ் விழுந்து மோட்டர் முனகும், சூடாகி நின்றுவிடும். தூரம் போகவேண்டுமா, காற்றுக் குழாயை நீட்டுங்கள். தண்ணீர் பி.வி.சி. குழாயில் மட்டும் காற்று லைன் இழுக்காதீர்கள். வெடித்தால் சில்லுச் சில்லாகப் பறக்கும்.

5. தண்ணீர்

கல்லடியோ கல்முனையோ, கடலோரக் காற்றில் ஈரம் அதிகம். 30 பாகை வெப்பம், 80 வீத ஈரப்பதன் என்றால், மேலே சொன்ன 2 குதிரைவலு மெசின் ஒரு மணிநேரம் ஓடியதும் 150 மில்லிலீற்றர் அளவு தண்ணீர் கட்டும். ஒரு கோப்பை தேத்தண்ணி மாதிரி. தண்ணீர் பிரிக்கும் வடிகட்டியைக் கொம்பிரசர் வாயில் பூட்டினால் பலன் குறைவு. அங்கே காற்று சூடு, நீர் ஆவியாகவே கடந்துபோகும். ஏழெட்டு மீற்றர் குழாய்க்குப் பிறகு, கன் பக்கமாகப் பூட்டுங்கள்.

மாரி மழையில் லெக்கர் பால்போல வெளுத்தால் வடிகட்டியைக் குறை சொல்லவேண்டாம். பலகைக்கு மேலே நிற்கும் காற்றே ஈரம். வெயில் எறித்த பிறகு அடியுங்கள்.

வேலை முடிந்ததும் அழுத்தத்தை 10 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறக்கி, வடிகால் வால்வைத் திறந்து, தண்ணீர் முழுக்கப் போனபிறகும் திறந்தபடியே விட்டுவிட்டுப் போங்கள்.